சந்தனப் பொட்டு

ஆயுத பூஜையன்று என் மனைவி பிரபாவதி கணினிக்குப் புதிய மெமரி போட்டாள். மூடுவதற்கு முன் அதன் ஸ்லாட்டை ஒட்டிச் சந்தனப் பொட்டும் வைத்தாள்.

"அதுக்கு ஏதுடி நெத்தி?"

"கிண்டல் பண்ணாதீங்க. இனிமே ஹேங் ஆகாது பாருங்க."

பொரி வாங்கப் போனவள்மீது லாரி மோதியது.

அதன்பின் கணினி தானாக அணைய ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்துதான் பிழைக்கிறேன். மெக்கானிக்கை அழைத்தேன்.

"சந்தனம் ஸ்லாட்டுக்குள்ள வழிஞ்சிருக்கு சார். துடைச்சாச் சரியாயிடும்."

குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனத்தில் அவளுடைய மோதிர விரலின் ரேகை பதிந்திருந்தது.

"துடைக்காம மூடிடுங்க தம்பி."

"அப்படியே விட்டா ஆஃப் ஆயிட்டேதான் இருக்கும் சார்."

"இருக்கட்டும்."

இன்றும் பெரும்பாலும் மணமகள் பெயரை அடிக்கும்போது திரை இருண்டுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து அடிக்கிறேன்.