மூன்றாவது கூப்பாடு

கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இனி ஊரைச் சிரிக்கவைத்தே பிழைப்பேன் என்று கிளம்பிவிட்ட வக்கீல் ஞானதுரைக்கு அன்றுதான் முதல் மேடை. தொகுப்பாளினி அவர் பெயரைச் சொன்னாள். கைதட்டல் எழுந்து ஓய்ந்தது, ஆளைக் காணோம். திரைக்கு அடியில் அவருடைய பழுப்புச் செருப்பு மட்டும் அசையாமல் தெரிந்தது. அரங்கில் முணுமுணுப்பு கிளம்பியது.

முன்வரிசையில் இருந்த மனைவி பியூலாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கோர்ட் வாசலில் நாளெல்லாம் நிற்கிற டவாலி ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவதில்தான் இந்த மனிதர் டீயை வைத்துவிட்டு உள்ளே ஓடுவார். வீட்டிலும் "ஏங்க, சாப்பிட வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவள் எழுந்து நின்றாள். டவாலியைப் போலவே இழுத்து, "ஞானதுரை... ஞானதுரை... ஞானதுரை..." என்று கூவினாள். கட்டின புருஷனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

திரை விலகியது. விறுவிறுவென்று வந்தவர், நீதிபதி எந்தப் பக்கம் என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல், சபை மொத்தத்துக்கும் குனிந்து வணங்கினார். அரங்கம் வெடித்துச் சிரித்தது.

"இன்னும் வாதத்தையே ஆரம்பிக்கலயே" என்றார் அவர், நிஜமாகவே குழம்பிப்போய். சிரிப்பு இன்னும் கூடியது.

"உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார் பியூலாவுக்குப் பின்னால் இருந்தவர்.

"எப்படிங்க உக்கார முடியும்?" என்றாள் அவள், மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "கேஸ் நடந்துக்கிட்டு இருக்குல்லா."