ஏழு துண்டுப் படம்

படத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெற்றவளைக் காணோம்.

ஹபீபா பீவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கொடிமலை உச்சி, கம்பி வேலியோரம் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பின்னால் ஜார்ஜ்டவுன், துறைமுகம், கடல். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் ஊர்கூட இருந்தது.

"பட்டர்வொர்த்துக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா?"

பெருநாளுக்கு மறுநாள் எடுத்த படம். மூத்தவன் சிக்கந்தர் ஆறு வருஷம் கழித்து மெல்பர்னிலிருந்து வந்திருந்தான், நாளைக்குத் திரும்புகிறான். இனி எல்லாரும் ஒன்றாக நிற்பது எப்போதோ! இடமிருந்து வலமாக ஏழு துண்டாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டி நீளப் படமாக்கியது சின்ன மருமகள் நஜ்வா.

"என் தப்புதான் மாமி. ஒட்டும்போது கைதவறி அழிஞ்சிருச்சு."

"பரவாயில்லைம்மா," என்றாள் ஹபீபா பீவி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

மத்தியானம் லுஹர் தொழுது கையேந்தினாள். "யா அல்லா, என் மருமகளை நான் மன்னிச்சுட்டேன். அவளுக்கு நல்ல புத்தியைக் கொடு. கொஞ்சம் சீக்கிரமாக் கொடு."

மன்னித்த விஷயத்தைத் தங்கச்சி நூர்ஜானுக்குப் போன் போட்டும் சொன்னாள். அப்படியும் மனசு ஆறவில்லை. சின்ன மகனைக் கூப்பிட்டாள்.

"ஹஸ்ருல், ஒட்டாத துண்டெல்லாம் இருக்கும்ல? திற. நான் எதுல இருந்தேன்னு பார்ப்போம்."

"வேணாம் மாமி!" நஜ்வா பதறினாள்.

"விடுங்க லா உம்மா," என்றான் ஹஸ்ருல்.

பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். "திறடா!"

திறந்தான்.

முதல் துண்டில், "யாரும் அசையக் கூடாது!" என்று விரலை ஆட்டியபடி ஹபீபா பீவி. மூன்றாவதில் சிக்கந்தரின் காலரைச் சரிசெய்தபடி ஹபீபா பீவி. ஐந்தாவதில் பேத்தியின் மூக்கைத் துடைத்தபடி. ஏழாவதில் மகள் இஸ்ஸதியின் முக்காட்டை இழுத்துவிட்டபடி. மற்ற அத்தனை பேரும் சொன்ன பேச்சைக் கேட்டுச் சிலையாக நின்றார்கள்.

"ஆள் நகர்ந்தா ஒட்டும்போது இப்படித்தான் வரும் உம்மா," என்று முதலில் ஒட்டிய படத்தையும் காட்டினான்.

நாலு உம்மாவில் அதில் மூன்று மிச்சம். ஒன்றுக்குத் தலை இல்லை. ஒன்று வெறும் கை. இன்னொன்றுக்கு இடுப்புக்குக் கீழே கடல்.

"குடும்ப குரூப்ல போட்டா எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னு நஜ்வாதான் அழிச்சா. தப்பு தன்னோடதாவே இருக்கட்டும்னு என் வாயையும் அடைச்சுட்டா."

ஹபீபா பீவி படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு, "இதையே பெருசாப் போட்டு ஹாலில் மாட்டும்மா," என்றாள்.

"ஐயோ மாமி, தலை இல்லையே!"

"இருந்தப்ப மட்டும் என்னத்தைக் கிழிச்சுச்சு?"

சாயங்காலம் அஸர் தொழுது மறுபடி கையேந்தினாள்.

"யா அல்லா, மத்தியானம் ஒரு மனு கொடுத்தேனே... அது அப்படியே இருக்கட்டும். பேரை மட்டும் மாத்திக்கோ."