புது டைல்ஸ் பாத்ரூம்

மரியபுஷ்பத்துக்கு அடிவயிறு கடுகடுவென்று வலிக்கிறது. மூத்திர எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அறுபத்தாறு வயது, விஜயநகரில் எழும்பும் இந்த மாடி வீட்டில் சித்தாள் வேலை. ஒதுங்க இடமில்லாததால் பொழுது சாயும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமலே பழகிய உடம்பு. நேற்று மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "கிருமி இருக்கும்மா. ஏழு நாளும் மாத்திரைய விடாம போடுங்க, நெறைய தண்ணி குடிங்க, வந்தா அடக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். இப்போது வெயிலில் நின்று, எல்லோரும் பார்க்க, இரண்டாவது பாட்டிலையும் அண்ணாந்து காலி செய்கிறாள். தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்தில் படிந்த சிமெண்டுத் தூசியைக் கரைக்கிறது. மணல் சுமக்கும் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புதிதாக டைல்ஸ் ஒட்டி முடித்த பாத்ரூமை நோக்கி நடக்கிறாள். "புஷ்பக்கா, அது ஓனருக்குக்கா! கிரகப்பிரவேசம்கூட இன்னும் ஆகல!" மேஸ்திரி பாலன் பதறுகிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கு மணலு பூரா என் தலையில ஏறித்தான வந்துச்சு? கிரகப்பிரவேசத்த நானே பண்ணிக்கறேன், நீ போய்த் தேங்கா வாங்கியா." மாடியில் செங்கல் அடுக்கும் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் சத்தமாக விழுகிறது. அஸ்திவாரம் தோண்டிய அன்றே பெண்களுக்குக் கட்டித் தருகிறேன் என்று பாலன் சொன்ன கக்கூஸ் இன்னும் பாக்கி.