பெட்டிக் கார்டு

"என்ன இது? கல்யாணப் பத்திரிகையா, கரண்ட் கட் நோட்டீஸா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த கான்ட்ராக்டர், கையிலிருந்த ஒற்றைத் தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் வீசினார். அது மேஜையில் தங்கவில்லை. மின்விசிறிக் காற்றில் எழும்பி, நேராக ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

சின்னக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். மகளின் கல்யாணம் வாசலில் வந்து நிற்கிறது. கூடப் பிறந்த ஒரே தம்பி இப்படி வந்து குதிக்கிறான்.

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"என் டிரைவருக்கு வெல்வெட் பெட்டியில தங்க எழுத்துக் கார்டு! காலையில கார்ல ஏறினதும் எடுத்துக் காட்டறான். எனக்கு நோட்டீஸ் பேப்பர்! நான் உன் தம்பியா, இல்ல அவன் உன் தம்பியா?"

சின்னக்கா திகைத்துப்போய்க் கணவரைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். கார்டு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பேர் மாத்தி எழுதிட்டீங்களா?"

"மாறல. சரியாத்தான் எழுதினேன்."

சின்னக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"செலவைக் குறைக்கணும்னு உட்கார்ந்தேன். பெட்டிக் கார்டு கொஞ்சம்தான் அடிக்க முடிஞ்சுது. யாருக்குத் தேவையோ அவங்களுக்குப் போகுது" என்றார் அவர், பேனாவை மூடாமலே.

"தேவையா?" கான்ட்ராக்டர் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் துளியும் இல்லை. "மிச்சம் பிடிக்கிற வித்தையை என்கிட்ட கேட்டிருக்கலாமே அத்தான்! என் பொண்ணு கல்யாணத்துல நானும்தான் மிச்சம் பிடிச்சேன். பெரிய மனுஷங்களுக்குப் பெட்டி. மத்த சில்லறைக் கும்பலுக்கெல்லாம் தாள். நீங்க தலைகீழால்ல பண்ணி வெச்சிருக்கீங்க!"

"தலைகீழாத்தான் பண்ணினேன் மச்சான். மாப்பிள்ளை வீட்டுல பிடிச்சிருக்கிறது பெரிய ஹோட்டல். வாசல்ல வாக்கி டாக்கியோட ஆள் நிப்பான். நீ கார்ல வந்து இறங்கினா ஓடி வந்து கதவைத் திறப்பான், கார்டு கேட்க மாட்டான். உன் டிரைவர் அன்னிக்குப் பொண்டாட்டி பிள்ளையோட பஸ்ல வந்து இறங்கி நடந்து வருவாரு. அவரை நிறுத்திக் கேட்பான்."

பதில் கிடைக்காதபோது எல்லோரும் செய்வதைத்தான் கான்ட்ராக்டரும் செய்தார். வேறு குற்றம் தேடினார்.

மேஜைமேல் அடுக்கியிருந்த பெட்டிகளில் மேலே இருந்ததை எடுத்தார். பெயரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"பெரியக்காவுக்கா? இந்தப் பெட்டி அவளுக்கா?"

"டேய், மெதுவா பேசுடா" என்றார் சின்னக்கா.

"எதுக்கு மெதுவா? என் பொண்ணு கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பார்க்காதவ அவ! ஒரு லாண்டரியில வேலை பார்த்துக்கிட்டு என்ன திமிர்! ஏன் வரலைன்னு கேட்டா காய்ச்சலாம். அன்னிலேர்ந்து நான் அவ முகத்துல முழிக்கிறதில்ல. அவளுக்கு இங்க ராஜ உபசாரமா? சொல்லிட்டேன் அக்கா, அவ வந்தா நான் வரமாட்டேன்!"

சின்னக்கா அழுதேவிட்டார். மகள் கல்யாணத்தில் அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

கண்ணாடிக் கடைக்காரர் இப்போதுதான் பேனாவை மூடினார்.

"வந்தாங்க மச்சான்."

"யாரு?"

"பெரியக்கா. உன் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாங்க. வாசல் வரைக்கும்."

கான்ட்ராக்டர் கையிலிருந்த பெட்டியை மேஜையில் வைத்தார்.

"கார் நிறுத்த இடம் தேடிப் போனப்ப, எதிர் பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருந்தாங்க. புதுப் புடவை. மடியில பரிசுப் பொட்டலம். நீ அனுப்பின தாளைக் காட்டினாங்களாம். எல்லார் கையிலயும் பெட்டி இருக்க, இது என்ன தாள்னு வாசல் காவலுக்கு நின்ன பையன் நிறுத்திட்டான். நான் கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இத்தனை நாள் சொல்லல."

"ஐயோ, அக்கா!" என்று சின்னக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

கான்ட்ராக்டர் கத்தினார். கோபமா, அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எவன் அவன்? என் அக்காவை வெளியே நிறுத்தினவன் எவன்? நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே அவன் வேலையைத் தொலைச்சிருப்பேனே! இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, அவன் யாருன்னு சொல்லுங்க!"

"அந்தப் பையன் மேல தப்பில்ல மச்சான். அவன் விடமாட்டேன்னு சொல்லவே இல்ல. தாளை எடுத்துக்கிட்டு, அக்காவையும் கூட்டிக்கிட்டு நேரா உன்கிட்டதான் வந்து கேட்டானாம். நீ வாசல்லயே நின்னு யாரோ பெரிய மனுஷர் கையைக் குலுக்கிக்கிட்டிருந்தே."

கான்ட்ராக்டருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"திரும்பிக்கூடப் பார்க்காம, 'சாப்பாட்டுக்கு வந்த கும்பல், வெளிய அனுப்பு'ன்னு சொன்னே. அக்கா உன் முதுகுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தாங்க."