நுன்ஸியாவின் வலது கால்

எல்வீராவின் நாற்காலிப் பக்கமிருந்து செம்பழுப்பாக ஏதோ ஒன்று தரையில் விருட்டென்று வந்தது. நுன்ஸியாவின் வலது கால் தானாகப் போய் அதன் மேல் இறங்கியது.

நறுக்கென்று ஒரு சத்தம்.

நேப்பிள்ஸ் சந்தில் தரைத்தள ஒற்றை அறையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? வெயில் ஏறினால் சாக்கடை மூடியைத் தாண்டி வரும் பெரிய சிவப்புக் கரப்பான். சனியன், இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்.

எதிரே எல்வீரா கைப்பையைத் திறந்துபோட்டுவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேட்டுத் தெருவில் மாடி வீட்டுக்காரி. மகனின் பிடிவாதத்துக்காக நுன்ஸியாவின் மகள் இம்மாவைப் பெண் கேட்டு வந்திருக்கிறாள். சந்து வீடுகளில் பூச்சி ஓடுமாமே என்று முன்கூட்டியே கேட்டனுப்பியவள்.

அதற்காகவே நுன்ஸியா ஒரு வாரமாக பிளீச்சிங் பவுடரும் கையுமாகக் கிடந்தாள். ஓட்டையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தாள். இப்போது இந்தக் காலைத் தூக்கினால் மகளின் கல்யாணம் அவ்வளவுதான்.

"இம்மா கையில குடுக்கணும்னு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்" என்று எல்வீரா பையைத் துழாவினாள். மறுபடியும் துழாவினாள். "கீழே விழுந்துடுச்சோ என்னமோ. சம்பந்தி, கொஞ்சம் எந்திரிங்களேன்."

சம்பந்தி. அந்தச் சொல்லைக் கேட்க மாதா கோயிலில் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள். ஆனாலும் நுன்ஸியா எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் விழலைங்க. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

எல்வீராவின் பார்வை மெதுவாக இறங்கி நுன்ஸியாவின் வலது காலில் வந்து நின்றது. கைப்பையைப் பட்டென்று மூடினாள். காப்பியைத் தொடவில்லை.

கிளம்பிவிட்டாள். வந்தவர்களை வாசல்வரை போய் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு அனுப்பாவிட்டால், அந்த ஊரில் அது செருப்பால் அடித்த மாதிரி. நுன்ஸியா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது. இம்மா பதறிப்போய் எல்வீராவின் பின்னாலேயே ஓடினாள்.

திரும்பி வந்தபோது மகளின் முகத்தில் ரத்தமில்லை.

"காலை எடும்மா. திருடி வீட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போறாங்க."

நுன்ஸியா காலை எடுத்தாள்.

கண்ணேறு படாமலிருக்க மாமியார் தன் கையால் மருமகளுக்குத் தரும் பவளக் கொம்புத் தாயத்து, இரண்டாக உடைந்து கிடந்தது.

அலமாரிக்கு அடியிலிருந்து கரப்பான் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு சாவகாசமாக வெளியே வந்தது. நுன்ஸியா காலை அசைக்கவில்லை.