சுத்தமான பதிவேடு

கூலி உயர்வு கேட்ட சங்கத்துக்காரர் முருகையன், அறுப்பு வயலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல முன்வந்த ஒரே சாட்சி, அவருடைய பத்து வயது மகள் அம்சம்.

"மிராசுதார்தாங்க வெட்டினாரு" என்று தஞ்சாவூர் கோர்ட்டில் அவள் அழாமல் சொன்னாள்.

பிறகு மிராசுதாரின் வக்கீல், தலைமையாசிரியர் சாரங்கபாணியைக் கூண்டில் ஏற்றினார்.

"இது உங்க பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடுதானே?"

"ஆமாங்க."

"ஒழுங்கா எழுதினதுதானா?"

"வட்டாரத்திலேயே எங்க பதிவேடுதான் சுத்தம்னு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருக்காருங்க."

"கொலை நடந்த அன்னிக்கு அம்சம் பள்ளிக்கூடத்துக்கு வந்ததா இதில இருக்கு. சரியா?"

சாரங்கபாணி பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்" என்றாள் அம்சம், கீழேயிருந்து நம்பிக்கையோடு.

"வந்திருந்தாளுங்க" என்றார் அவர்.

மிராசுதார் விடுதலையானார்.

வருகை தொண்ணூறு சதவீதத்துக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்திருந்தார். அதனால், அறுப்புக்குப் போன பிள்ளைகள் எல்லோருக்கும் சாரங்கபாணியே வருகை போட்டிருந்தார்.

"நாளைக்கு அப்பாகூட அறுப்புக்குப் போறேன் சார்" என்று அம்சம் முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.