கடைசி விசில்

தொழில்முறை உள்ளரங்கக் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே லூயிஷாம் அணிக்குக் கோப்பை. அந்த சீசனில் ஒரு ஆட்டமும் தவறவிடாத யோகராஜா, இருப்புக்கொள்ளாமல் எழுவதும் உட்காருவதுமாய்த் தவித்தார்.

“உட்காரு யோகா, கோப்பை நமக்குத்தான்,” என்றார் அலுவலக நண்பர் கார்த்திகேசு.

முடிகிற நேரத்தில் விசில் ஒலித்தது. லூயிஷாமுக்கு எதிராகப் பெனால்டி! பந்து வலைக்குள் போனது, கோப்பையும் போனது. அரங்கமே நடுவரைத் திட்டியது.

“கண்ணு தெரியலையா நடுவருக்கு?” கார்த்திகேசு கொதித்தார்.

“பந்து எங்கடை ஆளின்ரை கையிலை பட்டது உண்மைதானே,” என்ற யோகராஜா, அவசரமாக எழுந்தார்.

“எங்கே ஓடுற?”

“சனம் வெளியிலை கூடுறதுக்கு முன்னம் ஒராளைப் பத்திரமா வீட்டை கூட்டிக்கொண்டு போகவேணும்.”

“யாரை?”

“நடுவரை. அவ என்ரை மனிசி.”